கட்டம் பார்த்து எழுதவும்

திருக்கோகர்ணம்
9.2.2025

அன்பு மருமகள் ஹரிணிக்கு, உன் தாய்மாமன் நாகராசு ஆசியுடன் எழுதுவது.

இப்போது நடந்திருப்பது எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொன்னவன் என்பதை முதலில் பதிவு செய்துகொள்கிறேன். நீ கடல் தாண்டிப் போவாய் என்று நீ தவழும்போதே ஆலங்குடி வீட்டில் உன் அம்மா கண்ணாத்தாளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். அங்கே குளிர் எலும்பைக் கடிக்கும் என்றும் சொன்னேன். போன வாரம் நீ பனியில் நிற்கிற போட்டோ வந்தது, மூக்குச் சிவந்து. நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பில் ஒருநாள் தொல்லை வரும் என்றும் சொல்லியிருந்தேன். அதுவும் வந்துவிட்டது. ஆகவே இந்தக் கடிதத்தில் எனக்குப் புதிய செய்தி ஏதும் இல்லை.

இங்கு நானும் ஜெராக்ஸ் மிஷினும் சௌக்கியம். இருவருக்கும் கொஞ்சம் சூடு அதிகம், மற்றபடி குறையில்லை. உன் சளி எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. உன் அத்தை சொர்ணவல்லி ஓசூரில் மகன் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த மாதக் கடைசியில் வந்துவிடுவாள்.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நீ, "நல்லா இருக்கீங்களா மாமா, நல்லா இருக்கேன் மாமா, வச்சிடுறேன் மாமா" என்கிறாய். மூன்று மாமாவில் பேச்சு முடிந்துவிடுகிறது. ஈமெயிலில் போனாலும் எழுத்து அப்படிச் சட்டென்று வைக்க முடியாதது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன்தான். அன்றைக்குத் தலைமையாசிரியர் வீடு தேடி வந்து, என்னை நிறுத்த வேண்டாம் என்று அழுதார். பள்ளிக்கூடத்துக்கு நஷ்டம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு முன்னால் நீ வந்தபோது, ஊரார் பென்டிரைவில் இருந்த வைரஸ் எல்லாவற்றையும் தின்றுவிட்டது என்று விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தாய். அந்தக் கறுப்புத் திரையால் கடைக்கு வந்திருக்கும் மரியாதை கொஞ்சமல்ல. நான் இரண்டு எழுத்து அடித்ததும் வெள்ளை எழுத்து மளமளவென்று கொட்டுகிறது. பக்கத்துப் பூக்கடை முனியாயி எட்டிப் பார்த்து, "அண்ணே, இது ராக்கெட் விடுற கம்ப்யூட்டரா?" என்று கேட்டது. "ராக்கெட்டுக்கும் இதுதான், பட்டா நகலுக்கும் இதுதான்" என்றேன்.

ஆனால் வந்து கொட்டுவதெல்லாம் இங்கிலீஷ் பெயர். எது போட்டோ, எது சான்றிதழ் என்று தெரியவில்லை. மீமிசல் இன்னாசி வந்தார். மகள் கல்யாணத்துக்காக ஞானஸ்நானச் சான்றிதழ் அச்சடிக்க வேண்டும், அவசரம் என்றார். நான் அவர் கொண்டுவந்த பென்டிரைவில் ஒன்றைப் பிடித்து அச்சடித்து, கவரில் போட்டு ஒட்டியும் கொடுத்துவிட்டேன். கோயிலில் பாதர் பிரித்துப் பார்த்திருக்கிறார். உள்ளே வெள்ளாட்டுக் கிடாய். கலரில். மறுநாள் இன்னாசி வந்து நின்றார்.

"பாதர் என்னங்க சொன்னாரு?"

"இவருக்கு நான் ஞானஸ்நானம் குடுத்ததா ஞாபகம் இல்லையேன்னாரு."

ஆகவே ஒவ்வொரு ஃபைல் பெயருக்கு முன்னாலும் சின்னதாக ஒரு படம் வந்து நிற்க வேண்டும். போட்டோவுக்குப் போட்டோ மாதிரி, தாளுக்குத் தாள் மாதிரி. அதுவும் கறுப்புத் திரையிலேயே வர வேண்டும். மவுஸால் தட்டுகிற ஜன்னல் எனக்கு வேண்டாம். மவுஸ் பிடிக்க யாருக்கும் தெரியும்.

உன் பதில் வரும்வரை ஆட்டுப் பேச்சு இங்கே ஓயாது.

ஆசிகளுடன்,
நாகராசு மாமா


கிராகோவ், போலந்து
23.2.2025

அன்புள்ள மாமாவுக்கு ஹரிணி வணக்கம்.

நான் நல்லா இருக்கேன். சளி மட்டும் வாடகைக்கு வந்தது மாதிரி தங்கிவிட்டது. உங்க பிரஷர் மாத்திரையை நிறுத்தாமல் போடுங்க.

பதில் தாமதம், மன்னிக்கணும். இங்கே எனக்கு ஆறு மாதம் சோதனைக் காலம். ஜூலைக்குப் பிறகுதான் நிலைமை தெரியும். அம்மாவிடம் சொல்லாதீங்க, பயந்துவிடுவாங்க.

என் வேலை என்ன என்று முன்பு போனில் கேட்டிருந்தீங்க. எங்கள் மென்பொருளை வாங்குகிறவர்கள் தாங்களே அதை நிறுவிக்கொள்ளும்படி வழிமுறை எழுதிக் கொடுப்பது. படிக்கிறவர் எங்கோ இருப்பார். நான் பக்கத்தில் இல்லாமல், என் எழுத்து மட்டும் அவர் கையைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டும்.

நீங்க கேட்ட மாதிரி ஒரு கருவி இருக்கு. எல்எஸ்டி என்று பெயர். மூன்றே எழுத்து. அதை அடித்தால் ஃபைல் பெயர்கள் படத்தோடு வரும். வழிமுறையைத் தனித் தாளாக இணைத்திருக்கேன். கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

மறக்காமல் கட்டம் பார்த்து எழுதுங்க. கட்டம் சரியில்லை என்றாலும் கவலை இல்லை, அதற்கும் வழி இருக்கு.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்க.

ஹரிணி


திருக்கோகர்ணம்
2.3.2025

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது. நலம் விசாரித்தது கிடைத்தது, மாத்திரையும் போட்டாயிற்று.

உன் கடிதத்தைப் படித்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நேராக ஜோசியர் செல்லமுத்து வீட்டுக்குப் போனேன். சோதனைக் காலம், ஆறு மாதம், அம்மாவிடம் சொல்லாதீங்க, கட்டம் பார்த்து எழுதுங்க. இத்தனையும் ஒரு பெண் பிள்ளை எழுதினால் தாய்மாமனுக்குப் புரியாதா. உன் ஜாதக நகல் என்னிடம் எப்போதும் இருக்கும், நான்தானே ஜெராக்ஸ் எடுத்தேன்.

"எந்தப் புள்ளைக்கு?" என்றார்.

"போலந்துல இருக்குற நம்ம கண்ணாத்தா மகளுக்கு. சோதனைக் காலமாம். சனி அங்கிட்டெல்லாமா போவாரு?"

"பாஸ்போர்ட் இல்லாம எங்கயும் போறவரு அவரு ஒருத்தர்தான்" என்றார்.

ராசிக் கட்டம், நவாம்சக் கட்டம் இரண்டையும் பிரித்துப் போட்டு, என்னிடம் ஆலோசனை கேட்டுக் கேட்டுத்தான் பலன் சொன்னார். கட்டம் சுத்தமாக இருக்கிறது. ஜூலைக்கு மேல் நீ சொந்தக் காலில் நிற்பாய். கோகர்ணேசுவரருக்கு நெய் விளக்குப் போட்டாயிற்று. உன் அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

லேப்டாப் வேலைக்கு நீ அனுப்பிய தாளைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நாள் பார்த்துத் தொடங்குவேன். உன் அத்தை பங்குனியில் வந்துவிடுவாள்.

கட்டம் நல்ல கட்டம். தைரியமாக இரு.

நாகராசு மாமா


கிராகோவ்
4.3.2025

மாமா,

நான் நல்லா இருக்கேன், சிரித்துச் சிரித்து வயிறுதான் வலிக்குது. பக்கத்து அறைப் பெண் சுவரைத் தட்டிவிட்டாள். நான் குடிவந்ததிலிருந்து அவள் என்னோடு வைத்துக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

சோதனைக் காலம் என்றால் சனி இல்லை மாமா. வேலைக்கு எடுத்துக்கொண்டு, தேறுவாளா என்று ஆறு மாதம் பார்ப்பது. ஜூலையில் முடிவு சொல்வார்கள்.

கட்டம் என்றால் ஜாதகக் கட்டமும் இல்லை. அந்தச் சின்னப் படங்கள் சாதாரண எழுத்துருவில் இருக்காது. படம் வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் வந்து நிற்கும். ஜன்னல் இருக்கு, உள்ளே ஆள் இல்லை என்கிற மாதிரி. அதனால்தான் படங்கள் உள்ள எழுத்துருவை இறக்கி, கறுப்புத் திரையின் அமைப்பில் அதைத் தேர்ந்தெடுக்கும்படி தாளில் எழுதியிருக்கேன். எழுதியபடி செய்தால் வர வேண்டும்.

கட்டம் தெரிந்தால் எழுதுங்க, அடுத்த வழி சொல்றேன். படம் வந்துவிட்டால் வேலை முடிந்தது, எழுத வேண்டாம். தப்பாக எடுத்துக்காதீங்க. இங்கே வேலை கழுத்துவரை இருக்கு. பதில் போடாத கடிதம் ஒன்று கிடந்தால் மனசு அடித்துக்கொண்டே இருக்கு.

விளக்குப் போட்டதற்கு நன்றி மாமா. அது வீண் போகாது.

ஹரிணி


திருக்கோகர்ணம்
16.3.2025

அன்பு மருமகளுக்கு,

நீ சிரித்ததாக எழுதியதை முனியாயிக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கு வெயில் ஏறிவிட்டது, உடம்பு தாங்குகிறது. உனக்குச் சளி இறங்கியதா.

போன புதன்கிழமை வேலையைத் தொடங்கினேன். உன் தாளில் முதல் சொல்லே சூடோ என்று இருந்தது. சூடோ ஆறினதோ, அடித்தேன். கடவுச்சொல் கேட்டது. அடிக்க அடிக்கத் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. நீ முன்பே எழுதியிருந்ததால் விசைப்பலகை தப்பித்தது. அதற்குள் கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அறந்தாங்கி டவுன் பஸ் நின்று பார்த்துவிட்டுப் போனது. ஒருவர் தேங்காய் உடைத்தார். நான் யாரையும் திரும்பிப் பார்க்காமல் எழுத்துருவை இறக்கி, அதன் இடத்தில் வைத்து, அமைப்பில் போய்த் தேர்ந்தெடுத்து, மூடித் திறந்து, கடைசியில் மூன்றெழுத்தை அடித்தேன்.

கட்டம்தான் வருகிறது.

ஒன்றிரண்டு அல்ல, பெயருக்கு ஒன்றாக வரிசையாக நிற்கிறது. நீ சொன்ன மாதிரியே, ஜன்னல் இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை.

ஆகவே அடுத்த வழியை எழுது. கொஞ்சம் விரிவாக எழுது. நீ என்ன சாப்பிட்டாய், வீடு எப்படி, அந்தப் பக்கத்து அறைப் பெண் என்ன செய்கிறாள் என்பதையும் சேர்த்து எழுதினால் எனக்கு வழிமுறை நன்றாகப் புரிகிறது. அவசரமில்லை. ஆனால் தாமதிக்க வேண்டாம்.

அத்தை சித்திரைப் பிறப்புக்கு வந்துவிடுவாள்.

நாகராசு மாமா


கிராகோவ்
23.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சளி போய்விட்டது. நீங்க எப்படி இருக்கீங்க, வெயிலில் மத்தியானம் கடையை மூடிவிட்டுப் படுங்க.

கட்டம் என்று படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தாளைத் திரும்ப வரிவரியாகப் படித்தேன். தப்பு எதுவும் தெரியவில்லை. அமைப்பில் எழுத்துருவின் பெயர் முழுசாக மாறியிருக்கிறதா என்று பாருங்க. அதே குடும்பப் பெயரில் இரண்டு மூன்று இருக்கும், மோனோ என்று முடிவதைத் தேர்ந்தெடுங்க. அப்புறம் லேப்டாப்பை ஒருமுறை அணைத்துப் போடுங்க.

விரிவாக எழுதச் சொன்னீங்க. எழுத அவ்வளவு இல்லை மாமா. காலையில் ரொட்டி. மத்தியானம் அலுவலகத்தில் அவர்கள் மொழியில் பேசிச் சிரிப்பார்கள், நானும் கூடச் சிரித்து வைப்பேன். ராத்திரிக்குச் சோறு வடித்து, அம்மா கொடுத்த பொடி. ஞாயிற்றுக்கிழமை பால் வாங்கப் போனால் கடைக்காரரிடம் "ஜென்குயே" என்பேன். நன்றி என்று அர்த்தம். சில வாரம் அன்றைய பேச்சு அது ஒன்றுதான். ஆறு ஒன்று இருக்கு, ஓரமாக நடந்துவிட்டு வருவேன். இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டே சாப்பிட்டதில் இன்றைக்கு இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

திரையைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. இல்லை, வீடியோ காலில் காட்டுங்க. பார்த்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன்.

ஹரிணி


திருக்கோகர்ணம்
6.4.2025

அன்பு மருமகளுக்கு,

நீ இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டதைப் படித்து எனக்கு இங்கே வயிறு நிறைந்தது. என் உடம்பு இரும்பு. டாக்டரே என் நாடியைப் பிடித்துவிட்டுத் தன் நாடியைப் பார்த்துக்கொண்டார்.

மோனோ என்று முடிவதைப் போட்டேன். அணைத்துப் போட்டேன். கட்டம்தான்.

வீடியோ கால் இந்தத் தெருவில் எடுக்காது. போட்டோ எடுத்தால் ட்யூப்லைட் திரையில் விழுந்து எல்லாம் வெள்ளையாகிறது. ஆகவே நானே கையால் வரைந்து, ஜெராக்ஸ் மிஷினில் வைத்து ஸ்கேன் செய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கேமராவைவிட இது துல்லியம். அந்தக் காலத்தில் நான் வரைந்த இந்தியா மேப்பைப் பார்த்துத்தான் மற்றவர்கள் திருத்திக்கொண்டார்கள்.

வரைந்துகொண்டிருந்தபோது முனியாயி பூச்சரத்தோடு வந்து எட்டிப் பார்த்தது.

"என்னண்ணே, தாயக்கட்டமா போடுறீங்க? கூட வெளயாட ஆளு எங்க?"

"இது வெளிநாட்டு ஆபீஸ் வேல. ஒனக்கு வெளங்காது."

"அப்ப அங்கிட்டும் நீங்க ஒண்டியாத்தான் வெளயாடணுமாக்கும்" என்றது. படிப்பில்லாத பேச்சு, விட்டுவிட்டேன்.

அத்தைக்குப் பேரனை விட்டு வர மனசில்லை. கோடை லீவு முடியட்டும் என்கிறாள்.

படத்தை நன்றாகப் பார்த்து நிதானமாக எழுது.

நாகராசு மாமா


கிராகோவ்
4.5.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரு மாதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் சரியில்லை. நீங்க தூங்குறீங்களா?

நீங்க வரைந்ததை மேசைக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கேன். காபி குடிக்கும்போதெல்லாம் பார்க்கிறேன். எல்லாக் கட்டமும் ஒரே அளவில் இருக்கு. ஆனால் கீழ் வரிசையில் ஒரு கட்டத்துக்குள் மட்டும் சின்னதாக ஒரு பூ மாதிரி போட்டிருக்கீங்க. அது திரையில் தெரிந்ததா, சும்மா வரைந்ததா? திரையில் தெரிந்தது என்றால் எழுத்துரு பாதி ஏறியிருக்கு என்று அர்த்தம். அந்த வழியில் தேடலாம். கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்க, இது முக்கியம்.

இன்னொன்றும் சொல்லணும். மேலாளர் போன வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் எழுதும் வழிமுறை சுத்தமாக இருக்காம். ஆனால் கணினி தெரியாத ஒருவர் அதை வைத்துக்கொண்டு தனியாகச் செய்து முடிப்பாரா என்பது அவருக்குச் சந்தேகமாம். அப்படி முடித்த ஒரு ஆளை ஜூன் கடைசிக்குள் காட்டச் சொன்னார். எனக்கு உங்க ஞாபகம்தான் வந்தது. உங்களுக்கு வந்துவிட்டால் அதையே காட்டிவிடுவேன் மாமா. அதனால்தான் விடாமல் கேட்கிறேன்.

அத்தையோடு பேசினேன். பேரனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று, இனி ஓசூர்தான் என்றாங்க. நீங்க எழுதவே இல்லையே.

சாப்பாட்டுக்கு என்ன செய்றீங்க?

ஹரிணி


திருக்கோகர்ணம்
11.5.2025

அன்பு மருமகளுக்கு,

நான் கல்லைத் தின்றாலும் செரிக்கிறவன், சாப்பாட்டைப் பற்றி நீ கவலைப்படாதே. தூக்கத்துக்குப் பாலில் ஒரு சிட்டிகை ஜாதிக்காய் போட்டுக் குடி. அங்கே கிடைக்காவிட்டால் எழுது, அனுப்புகிறேன்.

பூவைப் பற்றிக் கேட்டாய். திரையில் தெரிந்ததுதான். நான் பொய்யாக எதையும் வரைகிறவன் இல்லை. ஆனால் தினமும் தெரிவதில்லை. நான் கவனித்தவரை வெள்ளிக்கிழமைகளில் தெரிகிறது. செம்பருத்தி மாதிரி இருக்கிறது. காரணம் நீதான் கண்டுபிடிக்க வேண்டும், நீ படித்தவள்.

மேலாளர் சொன்னதை மனசில் வைக்காதே. என்னிடமும் கோட்டைப்பட்டினத்தில் ஒரு கம்பெனிக்காரர், உன் கையெழுத்து பிரமாதம், ஆனால் புரியவில்லை என்றார். பிறகு அவரே அதைப் பிரேம் போட்டு மாட்டினார். ஜூன் கடைசிக்கு எத்தனையோ நாள் இருக்கிறது. வாரம் ஒரு வழி எழுது, ஒவ்வொன்றாக நிதானமாகச் செய்து பார்க்கலாம். ஒரே கடிதத்தில் எல்லா வழியையும் எழுதிவிடாதே.

மத்தியானம் ஆள் நடமாட்டம் இல்லாதபோது உன் பழைய கடிதங்களைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துப் படிக்கிறேன். வழிமுறைக்காகத்தான்.

நாகராசு மாமா


கிராகோவ்
28.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருப்பீங்க என்று நம்புறேன். இடையில் நீங்க அனுப்பிய மூன்று கடிதமும் வந்தது. பதில் எழுத முடியவில்லை.

அந்தப் பூவை நான் விடவில்லை. கருவியை எழுதியவர்களிடமே கேட்டுப் பார்த்தேன். அப்புறம் அலுவலகத்தில் கேட்டேன். வெள்ளிக்கிழமை மட்டும் தெரியும் செம்பருத்தி என்று நான் விளக்க விளக்க ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, மேசை மேசையாகப் போய்ச் சொல்லி, எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்குப் புரிந்தது.

நேற்று மேலாளரோடு சந்திப்பு. ஒரு ஆளைக் காட்டச் சொன்னார் அல்லவா. எனக்கு நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க. பொய் சொல்ல வரவில்லை. எங்க மாமாவுக்கு பிப்ரவரியில் எழுதிக் கொடுத்தேன், இன்னும் கட்டம்தான் தெரியுது என்று சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

யோசித்துப் பார்த்தேன் மாமா. எழுதிப் புரியவைப்பதுதான் என் வேலை. நான் பிறந்ததிலிருந்து என் பேச்சைக் கேட்டவருக்கே என் எழுத்து உதவவில்லை என்றால், முகம் தெரியாதவர்களுக்கு எப்படி உதவும்? அவர்கள் போகச் சொல்லுமுன் நானே திங்கட்கிழமை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடப் போறேன். ஆடிக்கு முன்னால் ஊருக்கு வந்துவிடுவேன். புதுக்கோட்டையிலேயே ஏதாவது பார்க்கலாம். உங்க கடையில் எனக்கு ஒரு நாற்காலி போடுவீங்களா? முதல் வேலையாக அந்தக் கட்டத்தை நேரில் பார்த்துச் சரி செய்கிறேன்.

அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஹரிணி


திருக்கோகர்ணம்
29.6.2025

ஹரிணி,

நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்றுதான் இதை உடனே எழுதுகிறேன்.

காலையில் உன் கடிதத்தைப் படித்தேன். ஊருக்கு வருகிறேன் என்ற இடத்தை நிறைய தடவை படித்தேன். சந்தோஷத்தில் கடைக்கு மேலே இருக்கிற அறையைத் திறந்து, ஒட்டடை அடித்து, தரையைக் கழுவி, உனக்கு எந்தப் பக்கம் மேசை போடலாம் என்று அளந்துகூடப் பார்த்துவிட்டேன். அளந்த கையோடு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முனியாயி கீழேயிருந்து குரல் கொடுத்தது.

"அண்ணே, யாரும் வர்றாங்களா?"

"வரல" என்றேன்.

திங்கட்கிழமை எதையும் எழுதிக் கொடுக்காதே. இத்துடன் ஒரு போட்டோ இருக்கிறது. ட்யூப்லைட்டை அணைத்துவிட்டுப் போனில் எடுத்தது. அதை உன் மேலாளரிடம் காட்டு. பெரிதாக்கிப் பார்க்கச் சொல். ஃபோல்டர் பெயருக்கு முன்னால் ஒரு சின்ன உறை நிற்கிறது. போட்டோவுக்கு முன்னால் குட்டி மலை. சான்றிதழ்களுக்கு முனை மடித்த தாள். பாட்டுக்கு ஒரு சுரக்குறி. இன்னாசி அடுத்த தடவை பென்டிரைவோடு வந்தபோது மடித்த தாளைப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன், அவர் பிரித்துப் பார்த்து, காசைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஏழாம் வகுப்போடு நின்ற ஒருவன், பக்கத்தில் யாரும் இல்லாமல், ஒருத்தரிடமும் சந்தேகம் கேட்காமல், நீ எழுதிய தாளை மட்டும் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு அதைச் செய்தான் என்று அவரிடம் சொல். எந்த வரியிலும் எனக்குத் தடுக்கவில்லை. ஒரே தடவைதான் செய்தேன். என் கையைப் பிடித்துத்தான் கொண்டுபோனாய்.

சிரித்தவர்களிடம் பூவைப் பற்றி எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மாமா வரைந்தார் என்று சொல்.

உனக்கு நான் எழுதியவற்றில் பஸ் நின்று பார்த்தது, தேங்காய் உடைத்தது, தலைமையாசிரியர் அழுதது எல்லாம் இருக்கிறபடி இருக்கட்டும். அவற்றால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஒன்றை மட்டும் திருத்திக்கொள். அந்தப் புதன்கிழமை மூன்றெழுத்தை அடித்ததுமே படங்கள் வந்துவிட்டன. அவ்வளவு அழகாக இருந்தன, உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். உன் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். படம் வந்துவிட்டால் எழுத வேண்டாம் என்று இருந்தது.

அதனால் கட்டம் என்று எழுதினேன். கட்டம் ஒருநாளும் இல்லை ஆத்தா.

நாகராசு